நுண்ணோக்கியில் என் முறை

வருகைப்பதிவேட்டு வரிசைப்படிதான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் திண்டிவனம் பள்ளியின் விதி. குமரன் எனக்கு அடுத்தவன். இப்போது விழுப்புரம் மருத்துவமனையில் என் பேத்தியின் ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டைப் பார்த்ததும், 1981-இல் அந்த வகுப்பில் உரித்த வெங்காயத்தின் வாடை மூக்கில் ஏறியது.

அன்று வெங்காயத் தோலை மெல்லிசாக உரித்தவன் என்று வாத்தியார் விதியை மீறி குமரனை எனக்கு முன்பே உட்கார வைத்தார்.

"தள்ளுடா, என் முறை."

"பாத்துக்கினு இருக்கேன்ல, பேஜாரு பண்ணாத."

மணி அடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. எனக்கு முறையே வரவில்லை.

இன்று அவன் குழந்தைகளின் புற்றுநோய் ஆராய்ச்சியில் பெரிய டாக்டர். பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் ரத்தப் புற்றோ என்று இங்கே சந்தேகம் வந்ததும், துண்டை அவனுக்கே அனுப்பினேன்.

"கேன்சர் இல்லடா. கண்ண எடுக்காம பாத்தேன்" என்றான் போனில்.