பாட்டிலில் இருந்த இரண்டு எழுத்து

வரி ஏறி இறங்கி இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். தொண்ணூறு வயது தாண்டிப் பென்சில் பிடித்து ஏழு மாதம்தான் ஆகிறது. இந்தப் பக்கத்துக்கு மூன்று காலைப்பொழுது ஆனது. பேத்தி படம் பிடித்து உங்களுக்கெல்லாம் போடுகிறாள்.

ஸ்பிரிட் விளக்கின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது...

வெள்ளைக்காரன் போவதற்கு முந்தி, விழுப்புரத்தில் ஒரு டாக்டரின் லேபில் எனக்கு வேலை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைப்பேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் லேசாக இருக்கிறது. செங்கல் நிறமானால் ஏராளம்.

சேர்ந்த அன்றே டாக்டர் சொன்னார். “வீட்டு பாட்டில்ல கொண்டாந்தா, மேல ஒட்டியிருக்கிறத படிச்சுப் பாரு. திங்கிற பண்டம் எதுனா எழுதியிருந்தா வாங்காத.”

“சரிங்க சார்” என்றேன். எண் தவிர எதுவும் படிக்கத் தெரியாது என்று சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

ஒரு நாள் முகையூர்க்காரர் ஒருவர் வந்தார். முதுகில் ஆறாத கட்டி. அடுத்த மாதம் கல்யாணம். அவர் நீட்டிய சின்ன பாட்டிலின் கழுத்தில் நாலைந்து எறும்பு.

வரிசையில் நின்ற கோலியனூர்ப் பெரியவர், “இன்னா மாப்ள, கல்யாணத்துக்கு முன்னாடியே சொந்தக்காரங்க தேடிக்கினு வர்றாங்க!” என்றார். எல்லோரும் சிரித்தோம். முகையூர்க்காரரும் சிரித்தார்.

பாட்டிலில் அச்சுக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் மேலேயே நம்பர் சீட்டை ஒட்டினேன்.

குழாய் செங்கல் நிறமானது.

கட்டி ஆறி, மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். இம்முறை எங்கள் கிளாஸிலேயே பிடித்துக் கொடுத்தார். நீலம். அசையாத நீலம்! பத்தியம் பலித்துவிட்டது என்றார் டாக்டர். நான் வெளியே ஓடினேன்.

“நீலமுங்க! சக்கரையே இல்லீங்க!”

“இனிமே நீலமா இருந்தா இன்னா, செவப்பா இருந்தா இன்னா? சக்கரைக்காரனுக்குப் பொண்ணு இல்லன்னுட்டாங்க. அது வேற எடத்துல வாக்கப்பட்டுப் போயிடுச்சி.”

அவர் விட்டுப்போன பழைய பாட்டிலை நன்றாகக் கழுவி, நம்பர் சீட்டை உரித்துவிட்டு, வீட்டில் எண்ணெய் ஊற்றி வைத்தேன். அடிக் காகிதம் மட்டும் வரவில்லை. அந்த வடிவத்தை வருஷக்கணக்காகப் பார்த்தேன்... பார்க்கத்தான் தெரிந்தது.

இப்போது திண்டிவனத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் முதியோர் வகுப்பில் டீச்சர் பலகையில் ஒரு சொல் எழுதினார். தே... ன். தேன்! நானே படித்துவிட்டேன் என்று கைதட்டினேன்.

தட்டிய கை பாதியில் நின்றது. அதே வடிவம். அந்த பாட்டில்.

அன்று கொதித்துச் சிவந்தது பாட்டிலில் ஒட்டியிருந்த தேன்.

இப்போதெல்லாம் விரலில் ஒரு குத்து. கைக்குள் அடங்கும் பெட்டியில் எண் வந்து நிற்கிறது. எண்தானே, அது எனக்கு அன்றைக்கே தெரியும். அன்றைக்குத் தெரியாமல் போனது இரண்டே எழுத்து.

அந்த முகையூர்க்காரரின் பெயரை மறந்துபோய் எழுதாமல் விடவில்லை. அதன் முதல் எழுத்து இன்னும் எனக்குக் கைவரவில்லை. எழுதினால் சுருண்டு வேறொன்றாகிவிடுகிறது. அந்தப் பெயரையும் நான் தப்பாக எழுதக் கூடாது. இந்த வாரம் முழுக்க அந்த ஓர் எழுத்தைத்தான் பழகப் போகிறேன். அடுத்த வாரம் அவர் பெயரை முழுதாக எழுதி அனுப்புகிறேன்.