பவளக் கல்லின் குடித்தனம்

என் சொல்லில் பிழை கண்டவர் இதுவரை எவருமில்லை. ஆயினும் ஒரு மீன் குறித்து நான் காத்துவந்த மௌனத்தை இனியும் கண்ணியம் என்று சொல்லிக்கொள்ள இயலாது.

என் சிறுவயதில், மண்டபம் கடற்கரையில் மீன் ஆய்வுக்கூடம் ஒன்றில் படகோட்டியாயிருந்த என் தாய்மாமா, சென்னை செல்லும் வழியில் உத்திரமேரூரில் எங்கள் வீட்டில் தங்கினார். அவர் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டி வெளிப்பட்டது. உள்ளே, ஸ்பிரிட்டில் மூழ்கிய, கொம்பு கொம்பாகக் கிளைத்த பவளக் கல்.

“கல்லப் பாக்காத பாப்பா. அது வூடு. உள்ள குடித்தனம் கீது பாரு” என்று பூதக்கண்ணாடியை நீட்டினார்.

பார்த்தேன். கொம்புகளின் இடுக்கில், என் சுண்டுவிரல் நகமளவில், இரண்டு மீன்கள். எங்கள் ஏரி மதகில் ஒட்டிக் கிடக்கும் உளுவையின் சாதிதான். ஆனால் உடலில் செதிலே இல்லை. கடுகளவுக் கண்ணைச் சுற்றி ஒரு வளையம். துடுப்பில் மயிரிழை போன்ற முட்கள். எத்தனை பெரிய கடலிலும் இந்தக் கைப்பிடிக் கல்லே அவற்றுக்கு ஊர் என்று மாமா சொன்னபோது பூதக்கண்ணாடியை மறுபடியும் புட்டியருகே கொண்டுபோனேன். ஏரியையே உலகின் எல்லை என்று எண்ணியிருந்தவள் நான்.

“இதுங்க ஜோடியாத்தான் குடியிருக்கும்னேன். ஒத்தையாத்தான் இருக்கும், எட்டாங்கிளாஸ் படிச்சவன் பேச வந்துட்டான்னு எங்க ஆபீசரு சிரிச்சாரு. நாளைக்கு மெட்ராஸ்ல பெரிய ஆபீசருகிட்ட இதக் காட்டுறேன், அப்பறம் சிரிக்கட்டும்.”

மறுநாள் காலை அவர் குளிக்கச் சென்றிருந்தார். தோழியரிடம் பெருமையடிக்கக் கல்லை வெளியிலெடுத்த நான், வாடை போக அதை அடிகுழாயில் நன்றாகக் கழுவினேன். அவர்கள் வியந்து பார்த்தபின் கல்லைப் புட்டிக்குள் திரும்பப் போட்டேன். குழாய்த் தண்ணீர் ஓடிய வாய்க்காலோரம் எதிர்வீட்டுக் கோழி எதையோ கொத்திற்று.

புறப்படுமுன் மாமா புட்டியை வெயிலில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணுதான் கீது. நீ எடுத்தியா?”

“நான் தொடவேயில்லை மாமா.”

அவர் பார்வை என் ஈரப் பாவாடையில் சற்றே நின்றது. பிறகு பென்சிலை எடுத்து, புட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் ‘மீன் 2’ என்றிருந்ததை அடித்து ‘1’ என்று எழுதினார்.

“இன்னாடா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்லக்கா. உள்ள கீறதத்தான சீட்டுல எழுதணும். பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

பின்னாளில் கல்லூரி விலங்கியல் வகுப்பில், அவ்வகை மீன்கள் பெரும்பாலும் இணையாகவே வாழும் என்று பாடம் நடந்தது. முதல் வரிசையில் இருந்த நான் குறிப்பெடுக்கவில்லை.

மாமா புறப்பட்ட அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் தப்பித்துவிட்டேன் என்பதே. அவர் தம் சொல்லைத் தம் கையாலேயே அடித்துவிட்டுப் பேருந்தேறினார் என்பது தெரியவில்லை. தெருமுனைவரை ஓடிச் சென்று, சிரித்த முகத்தோடு கையசைத்தேன்.