தங்கையைக் குளிப்பாட்டிய நாள்

என் தங்கையைக் கொன்றது இன்னார்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கண்ணால் பார்க்காததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அது யார் என்று கடைசிவரை தெரியாமல் போனதற்கு யார் யார் காரணம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் நானும் இருக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. பாரூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில் பெரும்பங்கு ஒரே பண்ணைக்காரருடையது. அப்பா அவரிடம் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பயிர் வைத்திருந்தார். கரும்பு வெட்டும் மாதங்களில் அவருடைய ஆலைக்கு வெல்லம் காய்ச்சப் போவார். மத்தியானம் அவருக்குக் களியும் கீரைக்குழம்பும் கொண்டுபோவது என் வேலை. அன்றைக்கு நான் துணி துவைக்க உட்கார்ந்துவிட்டேன். "நான் எடுத்துக்கிட்டுப் போறேன்க்கா, நான் போறேன்க்கா" என்று ஒற்றைக்காலில் நின்றாள் தங்கை. எட்டு வயது. நச்சரிப்புத் தாங்காமல், "போய்த் தொலை" என்று தூக்குப்போசியை அவள் கையில் கொடுத்தேன். நான் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான். எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், எனக்கு வாய் அப்படி. இது ஒன்றுதான் தொண்டையில் நிற்கிறது.

அந்தத் தூக்குப்போசி அம்மா கல்யாணத்துக்கு வந்த சீர். பித்தளை. காதுக்குக் கீழே அம்மா பெயரின் முதல் எழுத்தைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எந்த வீட்டுக்கு இரவல் போனாலும் அதைப் பார்த்துத்தான் திரும்பி வரும்.

வெயில் சாயும் நேரத்தில் அப்பா பசியோடு வீட்டுக்கு வந்தார். "களி எங்கடி? வயிறு காயுது" என்று கத்தினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன். மூன்று பேரும் ஓடினோம்.

மதகுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் குப்புறக் கிடந்தாள். ஏரியை அடைத்துவிட்ட மாதம் அது. வாய்க்காலில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அம்மா அங்கேயே மயங்கி விழுந்துவிட்டாள். அப்பா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வீட்டுக்குள் படுக்கவைத்துவிட்டு, மணியக்காரரிடம் சொல்ல ஓடினார். அவர் ஆள் அனுப்பினால்தான் போலீஸ் வரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்பிள்ளை செத்தால் ஆண்கள் வந்து கூடுவதற்குள் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மாற்றுத்துணி கட்டிவிட வேண்டும். சேறும் அலங்கோலமுமாக யார் கண்ணிலும் படக்கூடாது. அம்மா எழுந்திருக்கும் நிலையில் இல்லை. நான் செய்தேன். தண்ணீர் காயவைத்து, சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன். சட்டையையும் பாவாடையையும் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டேன். நகங்களுக்குள் கருப்பாக எதுவோ அடைந்திருந்தது. சேறு என்று நினைத்து விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொரு விரலாகச் சுத்தம் செய்தேன். கடைசி விரலில்தான் அது சேறு இல்லை, தோலும் ரத்தமும் என்று தெரிந்தது. கழுத்தில் ஒரு பக்கம் நாலு விரல் தடம், மறுபக்கம் ஒன்று. நீலம் பாரித்திருந்தது. அம்மா பார்த்தால் உயிரை விட்டுவிடுவாள் என்று அதன்மேல் மஞ்சளைக் குழைத்துக் கனமாக அப்பினேன்.

எனக்குப் பதினேழு வயது. ஐந்தாவது வரை படித்திருந்தேன். அந்தப் படிப்பில் இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மறுநாள் காலையில் தூக்குப்போசியைத் தேடி அப்பா ஆலைக்குப் போனார். பக்கத்துக் கொட்டகையில் பண்ணைக்காரரின் மைத்துனன் ஒரு மாதமாகத் தங்கியிருந்தான். மைசூர் ராஜ்யத்து ஆள். கொட்டகை திறந்து கிடந்தது, ஆள் இல்லை, பெட்டி இல்லை. கட்டிலடியில் எங்கள் தூக்குப்போசி இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை. உள்ளே களி அப்படியே புளித்துக்கிடந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் மத்தியானம் வந்தார். நேராக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பண்ணைக்காரர் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை மென்றுகொண்டு வந்தார். பிண விசாரணைக்குப் பஞ்சாயத்தார் என்று ஐந்து பேரை உட்காரவைத்தார்கள். ஐந்து பேரும் பண்ணைக்காரர் நிலத்தில் பயிர் வைக்கிறவர்கள். அப்பா தூக்குப்போசியை நீட்டி, எங்கே கிடந்தது என்று சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக் கான்ஸ்டபிளிடம் தள்ளினார். யாரும் எதையும் எழுதவில்லை.

நான் கழுத்துத் தடத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார்.

"எங்கம்மா தடம்? மஞ்சள்தான் தெரியுது."

"துடைச்சுக் காட்டறேன்யா."

"பொணத்தைத் தொடாதே." பிறகு அம்மா பக்கம் திரும்பி, குரலை இறக்கிச் சொன்னார்: "இந்தப் பொண்ணு சொல்றதை எழுதினா கிருஷ்ணகிரிக்கு எடுத்துக்கிட்டுப் போய் அறுக்கணும். வயித்துல இருந்து கழுத்து வரைக்கும் கிழிச்சு, சாக்குத்துணி தைக்கிற மாதிரி தைச்சுக் குடுப்பாங்க. சம்மதமா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "வேணாம் சாமி, எங்குழந்தையைக் கிழிக்காதீங்க" என்று அவர் பூட்ஸ் காலில் விழுந்தாள். அதற்குத்தானே அவர் அப்படிச் சொன்னார்! கால் தவறி வாய்க்காலில் விழுந்து மூச்சு முட்டிச் சாவு என்று எழுதினார்கள். அப்பா கட்டைவிரல் வைத்தார்.

"கணுக்கால் தண்ணியில யாராச்சும் முங்கிச் சாவாங்களாய்யா?" என்று நான் கேட்டேன். ஐந்து பஞ்சாயத்தாரும் தரையைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் அவளைப் புதைத்தோம். இரண்டு நாள் கழித்துப் பண்ணையிலிருந்து ஒரு வண்டி வெல்லம் போலீஸ் குடியிருப்புக்குப் போனதை ஊரே பார்த்தது. எதற்குப் போனது என்று யாரும் கேட்கவில்லை. நானும் ஊகம்தான் சொல்கிறேன். ஆனால் வயிறு எரிகிறது.

அப்பாவை விடாமல் பிடுங்கி எடுத்துக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப்போனேன். தாலுக்கா ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் நகத்தையும் கழுத்தையும் தூக்குப்போசியையும் சொன்னேன். புதைத்த குழந்தையைத் தோண்டிப் பார்க்க வழியுண்டு என்று அவர்தான் சொன்னார். தோண்டினால் எலும்பாவது பேசும் என்று நம்பினேன். பெரிய அதிகாரிக்கு மனு போனது. ஒரு மாதத்தில் விசாரிக்கச் சொல்லிக் கீழே இறங்கி வந்தது. யாரிடம்? அதே சப்-இன்ஸ்பெக்டரிடம்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். அப்பாவை நிற்கவைத்து என்னிடம் கேட்டார்.

"நகத்தைச் சுத்தம் பண்ணது யாரு?"

"நான்தான்."

"துணியைத் துவைச்சது?"

"நான்."

"கெட்டிக்காரி. கொலைன்னு நான் எழுதினா, தடயத்தை அழிச்சவ நீதான். முதல்ல உன்னைத்தான் உள்ளே வெப்பேன். எழுதட்டுமா?"

அப்பா கைகூப்பினார். "ஒண்ணைப் புதைச்சாச்சுங்கய்யா. இதையும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிய இன்னொரு தாளிலும் கட்டைவிரல் வைத்தார். நான் வெளியே வரும்போது, "அந்த மைத்துனன் எங்கேய்யா போனான்?" என்று மட்டும் கேட்டேன். "அது வேற ராஜ்யம்மா, நான் அங்க போய் யாரைப் பிடிக்கிறது?" என்றார். ஓசூரைத் தாண்டினால் அந்த ராஜ்யம். எங்கள் ஊர் மாட்டுத் தரகர்கள் வாராவாரம் போய்வருகிற இடம்.

வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா என்னோடு வழக்கம்போல் இருந்தாள். தலை பின்னிவிட்டாள், திட்டினாள், கல்யாணம் பேசினாள். நான் கழுவியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் போனது. ஒருநாள் ஸ்டேஷன் இருக்கும் ஊரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். புதிதாக வந்த ஒரு கான்ஸ்டபிள் டீக்கடையில், "ஸ்டேஷனுக்கு ஆறு டீ" என்று சொல்லிப் பாத்திரத்தை நீட்டினார். பித்தளைத் தூக்குப்போசி. கிட்டே போனேன். காதுக்குக் கீழே அம்மாவின் எழுத்து, புள்ளி புள்ளியாக.

"இது எங்களுதுங்க" என்றேன்.

"ஸ்டேஷன்ல கிடந்ததும்மா. நான் வந்ததிலிருந்து இதுலதான் டீ வாங்கறோம்."

நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் டீயை ஊற்றாமல் நிறுத்திவிட்டார். கான்ஸ்டபிள் சின்ன வயசுக்காரர். முகம் செத்துப்போயிற்று. சுற்றிலும் பார்த்துவிட்டு, "எடுத்துக்கிட்டுப் போங்க. எந்த நோட்டுலயும் இது எழுதியில்லை. யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மா மடியில் வைத்தேன். புள்ளி எழுத்தை விரலால் தடவினாள். மூடியைத் திறந்தாள். உள்ளே பழுப்பாக டீக்கறை அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. என் தங்கை கடைசியாகத் தூக்கிப்போன பாத்திரத்தில் இத்தனை நாளும் அவர்கள் டீ குடித்திருக்கிறார்கள்.

"குடும்மா, புளி போட்டுக் கழுவி வெக்கிறேன்" என்று கை நீட்டினேன்.

அம்மா அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நகர்ந்தாள்.

"வேணாம்டி. நீ கழுவினது போதும்."