சூசைதாசனின் தோளும் என் ஐஸ் பெட்டியும்

பிசியோதெரபி செய்யும் இயன்மருத்துவருக்குப் படிப்பு ஒரு பங்கு வேண்டுமென்றால், பிறர் சந்தேகத்தைத் தாங்கும் பொறுமை மூன்று பங்கு வேண்டும். வீடு வீடாக அலையும் என் தொழில்காரர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

ஐஸ் யாருக்கு?

பேசாலைக் கடலில் வலை இழுத்துத் தோள் சவ்வு அறுந்த சூசைதாசனுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து நான்காம் நாள். வீக்கம் வற்றாவிட்டால் கை இறுகிவிடும். கை இறுகினால் அவருக்குக் கடல் இல்லை.

நான் கொண்டுபோனது ஓர் ஐஸ் தண்ணீர்ப் பெட்டி, ஒரு குழாய், தோளைச் சுற்றிக் கட்டும் உறை. உறைக்குள் குளிர்நீர் ஓடும். காற்று நிறைந்து இறுக்கும். முற்றத்திலேயே அவர் மனைவி மரியசீலி அக்கா மறித்தார். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வந்து சேரும்வரை பிரேதத்துக்குத்தான் ஐஸ் வைப்பார்களாம்.

"தங்கச்சி, இந்த மனிசன் இன்னும் உயிரோடதான் இருக்கிறார்."

பிரஷர்

உறை இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. சூசைதாசன் முகம் கறுத்துவிட்டது. பிரஷர் பார்க்கிறேன் என்றே நினைத்துவிட்டார். வீக்கம் வற்றத்தான் இறுக்குகிறது என்று நான் விளக்க விளக்க, அவரும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவரே கேட்டார்.

"நாலு தரம் பாத்திட்டீங்கள், எவ்வளவு எண்டு சொல்லுறீங்களில்லை. கூடிப்போய் இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கோ மிஸ்."

இருபது நிமிடம்

வலி குறையத் தொடங்கியதும் என்மேல் நம்பிக்கை வந்தது. எனக்குச் சந்தேகம் தொடங்கியதும் அப்போதுதான். பெட்டியை அவர்கள் வீட்டிலேயே விட்டு, இருபது நிமிடத்தில் உறையைக் கழற்றச் சொல்லியிருந்தேன். ஒருநாள் பின்னேரம் போய்ப் பார்த்தால் தோல் சிவந்து மரத்துக் கிடக்கிறது; காலையிலிருந்து கழற்றவே இல்லையாம். எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. நாற்பது வருடம் மீனுக்கு ஐஸ் போட்ட மனிதர், என்னைத்தான் பாவமாகப் பார்த்தார்.

"ஐஸை எடுத்தெடுத்து வைச்சால் பழுதாப் போகும் மிஸ். உங்களுக்குப் படிப்பிச்சவை கடற்கரைப் பக்கம் வந்ததில்லைப் போல."

ஆறாம் மாதம்

வைத்தியர் கடலுக்குப் போகலாம் என்றார். அன்று கரையில் நின்று சூசைதாசன் வலைக் கயிற்றை இரு கைகளாலும் இழுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரியசீலி அக்கா சிலுவை அடையாளம் போட்டார். அந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. வெட்டுப்படாத மற்றத் தோளைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐஸ் போட்ட தோள் நல்லா வேலை செய்யுது மிஸ். மற்றது ஒண்டும் போடாமலே நல்லாக் கிடக்கு. எனக்கு அதிலதான் சந்தேகம்."

இத்தனை மாதம் இவர்களோடு பழகியதில், இப்போதெல்லாம் அவர் வீட்டிலிருந்து கருவாடு வந்தாலும் நான் இரண்டு தரம் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே எடுக்கிறேன்.