மூன்றாவது போர்ட்டின் மேடு

நேடீன் ரைஸ்னருக்கு ஒரு மனிதனை எடைபோட அவன் முகம் வேண்டாம்; அவன் கைக் கிரைண்டரில் மாட்டும் பர் போதும். கார்பைடு பர் என்பது விரல் பருமனில், உடம்பெல்லாம் பல்லோடு சுழலும் அரம்தான். இரும்பைக் குடைய, குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய நெருக்கமான பல். அலுமினியத்துக்கு, ஒரே திசையில் ஓடும் பெரிய பல், நடுவே தாராளமான இடைவெளி. மாற்றிப் போட்டால் அலுமினியத் தூள் பல்லிடுக்கில் பிசைந்த மாவாய் அப்பிக்கொள்ளும். பிறகு பர் வெட்டாது, உரசிச் சூடேற்றும். இது தெரியாதவன் நேடீன் கணக்கில் மனிதனே இல்லை. அந்தக் கணக்குப்படி கிழக்கு இண்டியானாவில் மனித நடமாட்டம் ரொம்பக் குறைவு.

ரேஸ் கார் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் காற்று போகும் வழிகளை, அந்தத் தொழிலில் போர்ட் என்பார்கள், குடைந்து அகலமாக்கி வழவழப்பாக்குவது அவள் பிழைப்பு. வீட்டுப் பின்னாலிருந்த கொட்டகையே பட்டறை. கை சுத்தம். வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அந்த வாயில் அதிகம் அரைபட்டவன் முன்னாள் கணவன் வெர்லின். நீளத் தண்டு பர்ரைப் போர்ட்டுக்குள் விட்ட பிறகுதான் கிரைண்டரை முடுக்க வேண்டும். வெர்லின் ஒருமுறை வெளியிலேயே முழு வேகத்தில் முடுக்கிவிட்டான். தண்டு கொக்கியாய் வளைந்து, கிரைண்டர் அவன் கையை உதறிக்கொண்டு போய் விழுந்தது. நடந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியாருக்குக்கூட, ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை நிறுத்தி, நேடீன் இதைச் சொல்லிவிட்டாள். அவர் பாவம், கிரைண்டர் என்றால் காபிக்கொட்டை அரைப்பது என்று நினைத்துத் தலையாட்டினார்.

இந்த வருடம் மகன் கோல்பி, சனிக்கிழமை மண் தடத்தில் ஓடும் கடைசிப் பந்தயத்துக்கு, தன் ஹெட்டை அப்பாவிடம் கொடுத்தான். புள்ளியில் முன்னால் நின்றான், ஜெயித்தால் பட்டம். மாற்று ஹெட் கிடையாது. அம்மாவிடம் கொடுக்காததற்கு அவன் சொன்ன காரணம், "அப்பா பேசாம வேல செய்வாரும்மா." நேடீனுக்கு அது நெஞ்சில் தைத்தது. தைத்ததைக் கோபம் என்று பெயர் மாற்றிக்கொண்டாள்.

வேலை முடிந்ததும், "கொண்டா, பாக்கறேன். உங்கப்பன் என்ன லட்சணத்துல செஞ்சிருக்கான்னு," என்று அரித்தெடுத்தாள். வியாழக்கிழமை காலை கோல்பி ஹெட்டைத் தூக்கி வந்து மேசையில் வைத்தான்.

டார்ச் அடித்துப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நான்கு போர்ட்டில் மூன்று ஒழுங்கு. வரிசையில் மூன்றாவதாக இருந்ததில் மட்டும், உட்சுவரில் ஒரு மேடு, வெட்டாமல் விட்டபடி.

"பாத்தியா? கை நடுங்கியிருக்கு பயந்தாங்கொள்ளிக்கு."

"அம்மா, அதப் பத்தி அப்பா ஒன்னு சொன்னாரு..."

"உங்கப்பன் சொன்னதெல்லாம் இந்தக் கொட்டாய்க்கு வெளியில வெச்சுக்க. மத்தியானம் வந்து எடுத்துட்டுப் போ."

கோல்பி இன்னொரு தரம் வாயைத் திறந்தான். அவள் பர் மாட்டாத கிரைண்டரை முடுக்கிவிட்டாள். அந்த இரைச்சலில் பேசுவதை அவன் சின்ன வயதிலேயே விட்டுவிட்டவன். வேலைக்குக் கிளம்பிப் போனான்.

நான்கில் மூன்றை ஒழுங்காகச் செய்தவன் ஒன்றில் மட்டும் ஏன் நிறுத்தினான் என்று யாரும் கேட்டிருப்பார்கள். இளக்காரம் கேள்வி கேட்காது. அந்த இடத்துக்கு முட்டை வடிவச் சின்னப் பர்ரே போதும், தொட்டுத் தொட்டு எடுக்கலாம். அவளோ பெட்டியிலிருந்ததிலேயே பெரிய பல்லுள்ளதை எடுத்தாள், மகன் வந்து பார்க்கும்போது மேடு இருந்த சுவடே இருக்கக்கூடாது என்று. தூள் அப்பாமலிருக்க மெழுகு தடவி உள்ளே விட்டு இழுத்தாள். அலுமினியம் சுருள் சுருளாய் வந்தது. சத்தம் திடீரென்று மெலிந்தது.

நிறுத்தித் துடைத்தாள். மேடு இருந்த இடத்தில் கடுகளவு கறுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் அறை. அதன் வாயில் டார்ச்சை வைத்தாள். போர்ட்டுக்குள் வெளிச்சம் தெரிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்டுக்குள் வெல்டிங்கில் பற்றவைத்து ஓட்டையை அடைக்கத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்தில் ஒருவன்தான்.

வெர்லின் பட்டறைக்குப் போகும் வழியெல்லாம், அவன் என்ன சொல்லிச் சிரிப்பான், அதற்கு என்ன திருப்பிக் கொடுக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே வண்டி ஓட்டினாள். நல்ல நல்ல பதில்கள். ஒன்றும் செலவாகவில்லை. அவன் ஓட்டையைப் பார்த்தான். காதைச் சொறிந்தான்.

"இந்த ஹெட்ட வார்க்கும்போதே கோணிக்கிச்சு. அளந்து பாத்தேன், அங்க சுவரு காயிதம். பையன்ட்ட சொல்லிவுட்டேனே."

"சொல்ல வந்தான்," என்றாள் நேடீன்.

வெர்லின் ஹெட்டைச் சூடேற்றிப் பற்றவைத்து முடித்தபோது கோல்பி வந்து நின்றான். கொட்டகை பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறான். அம்மாவைப் பார்த்தான், ஹெட்டைப் பார்த்தான். புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

"தாங்குமாப்பா?"

"தாங்கும். ஆறினதும் மேல நிக்கறத வழிச்சு எடுக்கணும். அதுக்கு உங்கம்மா கைதான் சரி. எனக்கு அவ்ளோ நைசா வராது."

வெர்லின் அதை மனசாரத்தான் சொன்னான். அவனுக்குக் குத்திப் பேச வராது. நேடீன் கையுறைக்கு நீட்டிய கையோடு மகனைப் பார்த்தாள்.

"வேணாம்பா," என்றான் கோல்பி, தரையைப் பார்த்து. "நீங்களே செஞ்சுருங்க. அம்மா காலைலேர்ந்து அலுத்துப்போயிருக்கும்."

அவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் அவளை ஒதுக்கியதில்லை. வெர்லின் மேசையில் கிடந்த பர் இரும்புக்கானது, நெருக்கப் பல். அவள் அதைப் பார்த்தாள். வண்டிக்குப் போய், தன் பெட்டியிலிருந்து அலுமினியத்துக்கான சின்னப் பர்ரையும் மெழுகையும் எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டாள்.