பச்சை லைட்டை நம்பி ஸ்டெல்லாவைப் பிழை சொன்ன கதை

இன்று காலை இரத்தினபுரியில் ஒரு மியூசிக் கடை கவுன்டரில் நின்று, ஒரே ஒரு சதத்துக்காக வாதாடிவிட்டு வந்திருக்கிறேன்!

(ஆமாம், சதம்தான். பொறுங்கள், சொல்கிறேன்.)

நாளைக்கு எங்கள் தேயிலைத் தோட்டக் கோயிலில் திருவிழா. பாடற்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் நான். தனிப்பாட்டு ஸ்டெல்லா. பலாங்கொடைக்கு மேலே எங்கள் டிவிஷனில் கொழுந்து எடுக்கிறாள், பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டாளி.

போன வாரப் பயிற்சியில் இரண்டாவது சரணம் வந்தாலே காதில் ஏதோ உறுத்தியது. குழுவை நடத்தும் செபஸ்தியான் அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டார்.

"ஸ்டெல்லா, சுருதி இறங்குதும்மா."

"இல்லண்ணே, நான் சரியாதான் பாடுறேன். இவ கிட்டார்தான் மேல போகப் போக ஏறுது."

எனக்கு வந்ததே ரோஷம்! கிட்டார் தலையைக் கவ்வியிருந்த, சுருதி சரியென்றால் பச்சை காட்டும் கிளிப் டியூனரை அவள் மூஞ்சிக்கு நேரே காட்டினேன்.

"பாருடி, பச்சை லைட் எரியுது. அப்ப பிழை யார்கிட்ட?"

அண்ணனும் லைட்டைப் பார்த்தார். "சரி, திருவிழாவுக்குத் தனிப்பாட்டு வேணாம். எல்லாரும் சேர்ந்தே பாடிருவோம்" என்று முடித்துவிட்டார்.

ஸ்டெல்லா அழவில்லை. சண்டையும் போடவில்லை. போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"எல்லாப் பச்சையும் கொழுந்து இல்லடி."

அவளுக்குத் தெரியாதா? தூரத்திலிருந்து பார்த்தால் மலை முழுக்கப் பச்சைதான். கையில் எடுத்தால்தான் எது கொழுந்து, எது முற்றல் என்று தெரியும்.

அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. டியூனர் பெட்டியைத் தேடி எடுத்துப் படித்தேன்.

அட கடவுளே! சுருதி கொஞ்சம் கீழே நின்றாலும் பச்சை, கொஞ்சம் மேலே நின்றாலும் பச்சையாம்!

அதாவது எங்கும் அழுத்தாத வெறும் கம்பி பச்சையின் கீழ் ஓரத்தில் நிற்கலாம், அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டிய பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள கம்பிக் கட்டையில்) அழுத்தினால் மேல் ஓரத்துக்கு ஏறலாம். இரண்டுக்கும் அதே லைட்!

சரி, போன் ஆப்பில் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மழை! எங்கள் லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் ஆப் தகரத்தைத்தான் டியூன் பண்ணுகிறது. (தகரம் என்ன சுருதி என்று கேட்காதீர்கள்.)

ஆகவே கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்று காலை பஸ் ஏறினேன்.

கடை முதலாளி இன்னொரு பச்சை லைட் கிளிப் டியூனரை நீட்டினார். சுருதியை அளக்கும் 'சென்ட்' என்று ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே உள்ள சுருதி வித்தியாசத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு. நான்தான் பெரிய மொழிபெயர்ப்பாளர் ஆயிற்றே, அதையும் 'சதம்' ஆக்கிச் சிங்களத்தில் சொன்னேன்.

"மட்ட சதயக வெனசத் பேன்ன ஓனே." (ஒரு சதம் வித்தியாசம்கூட எனக்குத் தெரிய வேண்டும்.)

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "தென் சத கொஹெத, நங்கி?"

இப்போது சதக் காசு எங்கே இருக்கிறது, தங்கச்சி என்று! கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சல்லி நெமெய் முதலாளி, ஸ்ருதி!" என்றேன். காசு இல்லை, சுருதி!

"ஆ... ஸ்ருதி!" என்று கண்ணாடி அலுமாரிக்குள்ளிருந்து ஒரு ஸ்ட்ரோப் டியூனரை எடுத்தார். கேபிளில் மாட்டுகிற பெடல். மைக் இல்லை, மழைக்குப் பயமில்லை. திரையில் கோடு கோடாக ஓடும். சுருதி கூடினால் வலப்பக்கம், குறைந்தால் இடப்பக்கம். ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும் கோடு நகரும்!

கடையிலேயே மாட்டினேன். வெறும் கம்பியை மீட்டி, கோடு நிற்கும்வரை திருகினேன். நின்றது.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினேன்.

கோடு வலப்பக்கம் ஓடியது பாருங்கள், பிரேக் இல்லாத கொழுந்து லொறி மாதிரி!

"ஐயோ, ஸ்டெல்லா சொன்னது சரி!" என்று கத்தியே விட்டேன்.

"கவுத ஸ்டெல்லா?" என்றார் முதலாளி. ஸ்டெல்லா யார் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, புதுக் கம்பி போட்டு, ஆறு கம்பிக்கும் அடியில் அவை முடிகிற பிரிட்ஜில் உள்ள ஸ்க்ரூவைத் திருகிக் கம்பியின் நீளத்தைத் துளித்துளியாகக் கூட்டினேன். மழை கொட்டுகிறது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலும் கோடு அசையவில்லை! தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

சாயங்காலப் பயிற்சியில், "அண்ணே, ஒரே ஒருக்கா ஸ்டெல்லா தனியா பாடட்டும்" என்று கெஞ்சினேன்.

பாடினாள். இரண்டாவது சரணமும் வந்தது. காதில் ஒரு உறுத்தலும் இல்லை!

அண்ணன் அசந்துவிட்டார். "குரல் நல்லாயிருச்சே ஸ்டெல்லா! என்னம்மா சாப்பிட்டே?"

"நான் ஒண்ணும் சாப்பிடலண்ணே. இவதான் ஆறு ஸ்க்ரூ திருகினா."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் பாட்டுத் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு, "நாளைக்கு நீதாம்மா பாடணும்" என்றார்.

ஸ்டெல்லா, உன்னை எல்லார் முன்னாலும் வைத்துத்தான் பிழை சொன்னேன். அதனால் எல்லார் முன்னாலும் கேட்கிறேன். மன்னிச்சிருடி.

எடிட்: ஸ்டெல்லா கமென்ட் போட்டுவிட்டாள்!

"சரி விடு. நாளைக்குக் கொழுந்து மட்டும் வாசி."