கோயில் எண்ணெயும் பிரேக் பட்டையும்

நேற்று மாலை ஆபீஸ் விட்டு வந்துகொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் வாடகைக் கார்கள் நிற்கும் மரத்தடியில் ஒரு பழைய பச்சைக் கார். அதை எனக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் என் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறக்கிய கார் அது.

டிரைவர் மாணிக்கம் மட்கார்டில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, பிரேக் லைனிங் மாத்தியாச்சா?" என்றேன்.

"எதுக்குத் தம்பி? இப்பத்தான் சத்தமே இல்லையே. சத்தம் வந்தா ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக்குவேன். அன்னிக்கு உங்க மாமா பாட்டிலோட கவுத்துட்டாரு, அதான் வம்பாப் போச்சு. அளவா விட்டா ஒண்ணும் ஆகாது."

அளவாக விடுகிறாராம்!

இந்த வாரம் வேறு எதைப் பற்றியோ எழுத உட்கார்ந்தேன். அது கிடக்கட்டும். இதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

என் தங்கை செல்லத்துக்குக் கிள்ளானில் ஒரு வரன் வந்தது. பையன் துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டுக்குப் பெரியவர் தாய்மாமன்தான். அவர் பேசி முடிவு செய்தது, பெண்ணைக் கிள்ளான் கோயிலில் வைத்துக் காட்டுவது என்று. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அக்கம்பக்கத்தில் பேச்சாகும். கோயில் என்றால் இரண்டு தரப்பும் சாமி கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான்.

ராகுகாலம் கழிந்து புறப்பட்டோம். நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார் மாமா. கார் ஏறி நசுக்கியது. திருஷ்டி கழிந்தது. எல்லாருக்கும் திருப்தி.

சக்கரத்துக்கு அடியில் என்ன வைப்பது என்று நமக்குத் தெரிகிறது. சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவராவது குனிந்து பார்த்தோமா?

முதல் திருப்பத்திலேயே ஒரு மாடு குறுக்கே வந்தது. மாணிக்கம் பிரேக்கை மிதித்தார். கீ...ச் என்று ஒரு சத்தம். பல் கூசியது. அப்புறம் எங்கே நிறுத்தினாலும் அதே அலறல்.

பின்சீட்டில் இருந்த செல்லம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, இது நல்ல சத்தமா இல்லே. இரும்போட இரும்பு உரசுற மாதிரி இருக்கு."

"லைனிங் கொஞ்சம் தேஞ்சிருக்கும்மா," என்றார் மாணிக்கம், பீச்சாங்கைப் பக்கம் யாரோ கூப்பிட்டதுபோல் சாவகாசமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே. "கார் முதலாளி தவுக்கே தீபாவளி போகட்டும்னாரு. ஓடும், ஓடும்லா."

மாமாவுக்கு லைனிங்கைப் பற்றிக் கவலை இல்லை. அவருடைய கவலை வேறு. "நல்ல காரியத்துக்குப் போற காரு ஒப்பாரி வெச்சுக்கிட்டா போகும்? கோயில் வாசல்ல போயி இப்படிக் கத்துச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்?"

வழியில் பத்து தீகா என்ற ஊரில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். மாமா இறங்கினார். அம்மாவின் கூடையில் கையை விட்டு, கோயில் விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார்.

"அண்ணே, அது சாமிக்குண்ணே," என்றாள் அம்மா.

"சாமிக்கு வழியில வாங்கிக்கலாம்."

அது பழைய மாடல் கார். பின்சக்கரத்து உருளையை வெளிப்பக்கமாகச் சுற்றிப் பிடிக்கும் பட்டைதான் அதற்குப் பிரேக். கண்ணுக்குத் தெரிகிற இடம், கைக்கு எட்டுகிற இடம். மாமாவுக்கு வசதியாகப் போயிற்று.

செல்லம் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "வேண்டாம் மாமா. தையல் மிஷின் பெல்ட்டுல எண்ணெய் பட்டாலே வழுக்கிக்கிட்டுச் சுத்தாது. இதுவும் பிடிச்சு நிறுத்துற பட்டைதானே?"

"மாப்பிள்ளை வீட்டார் முன்னாடியும் இப்படித்தான் வாயடிக்கப் போறியா? உள்ள உக்காரு."

நானும் சொன்னேன். "மாமா, அவ சொல்றது சரி." எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படி மிதித்த முதல் ஆள் நான். மாமாவுக்கு அது இன்னும் செரிக்காத விஷயம். "நாலு எழுத்துப் படிச்சவன் ஆபீஸ்ல போயிச் சொல்லு," என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்துப் பட்டையிலும் தாராளமாக ஊற்றினார். மாணிக்கம் தடுக்கவில்லை. "பெரியவர் சொல்றாரு..." என்று சொல்லித் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

சத்தம் நின்றது. மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

ரப்பர்த் தோட்டத்தின் நடுவே ஓர் இறக்கம். கீழே விறகு வண்டி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. மாணிக்கம் மிதித்தார். மறுபடி மிதித்தார். கார் வெண்ணெயில் வழுக்குவதுபோல், சத்தமே இல்லாமல் வேகமெடுத்தது. வண்டிக்காரர் எங்களைப் பார்க்கவே இல்லை. எப்படிப் பார்ப்பார்? காரிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லையே. கைப்பிரேக்கை இழுத்து, ஹாரனை அழுத்தி, கடைசியில் மாணிக்கம் ஓரத்துப் பள்ளத்துக்குள் காரைத் திருப்பினார். ஈர மண்ணும் புல்லும் பிடித்து நிறுத்தின.

யாருக்கும் உயிருக்கு மோசம் இல்லை. செல்லத்தின் கண்ணாடி வளையல்கள் நொறுங்கி, மணிக்கட்டில் கீறல். அவ்வளவுதான்.

இறங்கிப் பார்த்தேன். துணிபோல் நெய்த அந்தப் பட்டை வெற்றிலை அளவுக்கு மெலிந்திருந்தது. அதை இறுக்கிய பித்தளை ஆணிகளின் தலைகள் பளபளவென்று வெளியே தெரிந்தன. அந்த ஆணிகள் உருளையைச் சுரண்டிய சத்தத்தைத்தான் மாமா ஒப்பாரி என்றார்.

காருக்கு வாய் கிடையாது என்று யார் சொன்னது? பட்டை தேய ஆரம்பித்தாலே அது சொல்லிவிடுகிறது. பெடல் நேற்றைவிட ஆழமாக இறங்கும். பட்டையைத் திருகி இறுக்குவீர்கள், வாரத்துக்குள் மறுபடி இறங்கும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதற்கும் நாம் காது கொடுக்காவிட்டால் கடைசியில் அலறும். அலறினால் புதுப் பட்டை போட வேண்டும், ஐயா. வாயில் எண்ணெய் ஊற்றக் கூடாது.

இன்னும் என் கோபம் தொடங்கவே இல்லை. கேளுங்கள்.

கிள்ளானுக்குப் போகும் பஸ் ஒன்றில் ஏறி, சேறு படிந்த வேட்டி சேலையோடு கோயில் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா செல்லத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. வெறும் கையைப் பார்த்தார்.

"வர்ற வழியிலேயே வளையல் உடைஞ்சுதா?" 

மாமா என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிரேக்கில் எண்ணெய் ஊற்றினேன், என் புத்தி, என்றல்லவா? அவர் பெருமூச்சு விட்டார். "என்னத்தம்மா சொல்றது... பொண்ணு நேரம்."

பெண் நேரமாம்! பட்டையைத் தேய விட்டது தவுக்கே. தெரிந்தே ஓட்டியது டிரைவர். எண்ணெய் ஊற்றியது மாமா. வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியின் தலையில் போய் விடிந்தது பழி. என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் செல்லம் நிமிர்ந்தாள்.

"தேஞ்சது காரோட பிரேக்குங்கம்மா. என் ஜாதகம் இல்லே."

குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தான். அவனாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அடுத்த வாரம் தரகர் வந்தார். சகுனம் சரியில்லையாம். அதோடு, "பொண்ணு கொஞ்சம் வாய்த் துடுக்கு போலிருக்கு." அம்மா அடுப்படியில் போய் அழுதாள். நல்ல வரன் என்று நம்பியிருந்தாள், பாவம்.

நாம் இப்படித்தான் இருக்கிறோம். ஆபத்து வந்தால் பொறுத்துக்கொள்வோம். ஆபத்து வருகிறது என்று எவராவது சத்தம் போட்டால் மட்டும் நமக்குப் பொறுக்காது.

தரகர் போன பிறகு மாமா செல்லத்திடம் நயமாகவே சொன்னார். "கொஞ்சம் வாயை அடக்கியிருந்தா இந்நேரம் பரிசம் போட்டிருக்கலாம்."

அவள் தையல் மிஷினிலிருந்து காலை எடுக்கவில்லை.

"வாயை அடக்கின காரு எங்க போயி நின்னுச்சுன்னு பார்த்தோமே, மாமா."

அன்று மாமா வாடகைக் கார் பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தே போனார்.